மொட்டை மாடிக் காற்றாடியா, ஊர் நிலத்தில் காற்றாலையா? பெங்களூரில் இருந்தபடியே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்குக் காற்றாலைப் பேச்சு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டம் நெருங்கும்போது யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விற்பனை நோட்டீஸைப் போட்டு, "மொட்டை மாடியில் நாலு சின்னக் காற்றாலை வைத்தால் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில்லே வராதாம்" என்பார். இன்னொன்று, ஊரிலிருந்து வரும் போன். கயத்தாறு பக்கமோ தென்காசி பக்கமோ இருக்கும் பெரியப்பா, "தம்பி, காத்தாடி கம்பெனிக்காரங்க வந்து நம்ம மேட்டு நிலத்தக் கேக்காங்க, என்ன சொல்லட்டும்?" என்று கேட்பார், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில். இரண்டு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். ஆனால் எதை முதலில் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலான பேச்சு தவறான இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

விட்டமும் வேகமும்தான் முதல் கேள்வி

எத்தனை கிலோவாட் என்று கேட்காதீர்கள். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் எத்தனை மீட்டர், அது நிற்கப்போகும் உயரத்தில் வருடச் சராசரிக் காற்று வேகம் எவ்வளவு, இந்த இரண்டைக் கேளுங்கள். வட்டத்தின் பரப்பு இரண்டு மடங்கானால் மின்சாரம் இரண்டு மடங்கு கிடைக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு கிடைக்கும், ஏனென்றால் ஒரு நொடியில் அந்த வட்டத்துக்குள் புகும் காற்றின் எடையும் இரட்டிக்கிறது, அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் இருக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. இந்த எட்டு மடங்கு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நோட்டீஸில் இருக்கும் பாதி வாக்குறுதிகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

செய்து பார்ப்போம். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு சின்னக் காற்றாலை. வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். நகரத்துக்குள் மாடி உயரத்தில் காற்று நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே காற்று கொஞ்சம் லேசு, ஒரு கன மீட்டர் சுமார் 1.06 கிலோதான், கடலோரத்தில் அது 1.2-ஐ ஒட்டி இருக்கும். ஆக நொடிக்கு 10 கிலோ காற்று வட்டத்துக்குள் போகிறது. எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 45 வாட். இது காற்றில் இருப்பது, கைக்கு வருவது அல்ல. எந்தக் காற்றாலையும் காற்றில் இருக்கும் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எல்லா ஆற்றலையும் உறிஞ்சிவிட்டால் காற்று அங்கேயே நின்றுபோய், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது அல்லவா. பெரிய நல்ல காற்றாலைகள் 40 சதவீதத்தைத் தாண்டும், சின்னவை 25 சதவீதம் எடுத்தாலே சரி. அப்படியானால் நம் கையில் வருவது 11 வாட். ஒரு எல்இடி பல்பு.

காற்று சீராக 3 மீட்டரில் நிற்காது, ஏறும் இறங்கும், ஏறும் நேரத்தில் எட்டு மடங்குக் கணக்கு நமக்குச் சாதகமாக வேலை செய்யும், அதையும் சேர்த்தால் மாதத்துக்கு 10, 15 யூனிட் வரலாம். அதே மாடியில் 1 கிலோவாட் சோலார் பலகை வைத்தால் மாதம் சராசரியாக 110 யூனிட்டாவது வரும், ஓடும் பாகம் எதுவும் கிடையாது.

நோட்டீஸில் இதே இயந்திரத்துக்கு "1 கிலோவாட்" என்று போட்டிருப்பார்கள். அது பொய் இல்லை. நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றில் அது கிட்டத்தட்ட அவ்வளவு தரும். 12-க்குப் பதில் 3 என்றால் வேகம் நாலில் ஒன்று, மின்சாரம் அறுபத்து நாலில் ஒன்று. அதனால் விற்க வருபவரிடம் ஒரே வரியில் கேளுங்கள்: நொடிக்கு 3, 4, 5 மீட்டர் காற்றில் இது எத்தனை வாட் தரும், எழுத்தில் கொடுக்க முடியுமா? 59 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். செங்குத்தாக நின்று சுற்றும் அழகான வடிவங்களுக்கும் இதே விதிதான்: அகலத்தை உயரத்தால் பெருக்கிப் பரப்பைக் கண்டுபிடியுங்கள், மீதிக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. அவை எந்தத் திசைக் காற்றையும் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் பொதுவாக அவற்றின் திறன் குறைவு.

மாடியில் காற்றை அளப்பது

"எங்கள் பதினோராவது மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது" என்று சொல்பவர்கள் எல்லா அபார்ட்மெண்டிலும் உண்டு. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் காற்றில் துணி பறப்பதை வைத்துச் சொல்கிறார்கள். அதை மறுக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். கிண்ணம் வைத்துச் சுற்றும் காற்றுமானி ஒன்றையும் தானாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றையும் காற்றாலை நிற்கப்போகும் அதே உயரத்தில் ஒரு கம்பத்தில் கட்டி, மழைக்காலம் குளிர்காலம் இரண்டும் அடங்குகிற மாதிரி, முடிந்தால் ஒரு வருடம் முழுக்க விடுங்கள். அதற்கு முன்னால், செலவே இல்லாமல், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தும் குளோபல் விண்ட் அட்லஸ் தளத்தில் உங்கள் இடத்தைச் சுட்டிப் பார்க்கலாம். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வரைபடங்கள் பக்கத்து டவரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்ப்பதில்லை. ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துச் சுழித்துப் போவதைப் போலத்தான் கட்டடங்களுக்குப் பின்னால் காற்றும் போகிறது. சுழலும் காற்றில் இறக்கை திசை தேடித் தேடியே தேயும். சுற்றிலும் 100, 150 மீட்டருக்குள் இருக்கிற எந்தக் கட்டடத்தையும் மரத்தையும் விட இறக்கையின் கீழ் நுனி 10 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொது அளவு. ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இதற்குத் தோதான மாடி எத்தனை இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் வீட்டுக் கூரைகளில் வைத்த சின்னக் காற்றாலைகளை அளந்து 2009-ல் வார்விக் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரத்தையும் சேர்த்தால், சொன்ன திறனில் சராசரியாக 1 சதவீதம்கூட வரவில்லை. பிரிட்டன் நம்மைவிட நல்ல காற்றுள்ள நாடு.

மாடியில் வைத்தே தீருவோம் என்றால்

அளந்து பார்த்து, எண்கள் சாதகமாக வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவாவது ஒன்று வேண்டும் என்று முடிவானால் பாதுகாப்பைத்தான் அதிக நேரம் பேச வேண்டும். சின்னதுதானே, என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை நல்ல காற்றில் நிமிடத்துக்கு 500, 600 சுற்று போகும். நுனி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும். மலையில் நிற்கும் ராட்சதக் காற்றாலையின் நுனி வேகமும் ஏறக்குறைய இந்த அளவுதான், 250 முதல் 300. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அரை கிலோமீட்டருக்கு வீடு இல்லை, இங்கே கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அடுத்தது தள்ளுவிசை. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் பெங்களூரில் மரங்களைச் சாய்க்கும் காற்று அடிக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றில் இந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் மேல் 80 முதல் 100 கிலோ வரை பக்கவாட்டில் தள்ளும். அது 5 மீட்டர் கம்பத்தின் உச்சியில் என்றால் கம்பத்தின் அடியில் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். கைப்பிடிச் சுவர் இதற்காகக் கட்டியது இல்லை. கம்பத்தைச் சுவரில் போல்ட் போட்டு மாட்டுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூண்களுக்கு நேர் மேலே பீடம் போட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கையெழுத்திட்ட கணக்கோடுதான் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வு ஸ்லாபுக்குள் இறங்கி, கடைசி மாடியில் இருப்பவர்கள் இரவெல்லாம் உறுமலைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், ஒன்றா இரண்டா என்றும் கேளுங்கள். காற்றாலை ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியோ இன்வெர்ட்டரோ கழன்றுவிட்டால் ஜெனரேட்டருக்குச் சுமை போய்விடும், பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் இறக்கை தறிகெட்டு வேகம் எடுக்கும். அதனால் கரண்ட் போனாலும் தானாக வேலை செய்யும் ஒரு வழி, கையால் நிறுத்த இன்னொரு வழி, ஒன்றையொன்று சாராமல் இரண்டு வேண்டும். சின்னக் காற்றாலைகளுக்கென்று ஐஇசி 61400-2 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது, அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இடிதாங்கி தனியாக வேண்டும். எச்ஏஎல், ஜக்கூர், யெலஹங்கா, தேவனஹள்ளி விமான நிலையங்களைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு இருப்பதால் மாடிக்கு மேலே கம்பம் நடுவதற்கு முன் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டி, மாதம் 15 யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். என் பதில் சோலார்தான்.

அப்படியானால் காற்று மின்சாரமே வீணா?

இல்லவே இல்லை. இதுவரை போட்ட அதே கணக்கைப் பெரிய காற்றாலைக்குப் போடுங்கள், ஏன் இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்தது என்று புரியும். இப்போது இந்தியாவில் நிறுவும் இயந்திரங்களில் 144 மீட்டர் விட்டமுள்ளவை உண்டு, தண்டின் உயரம் 140 மீட்டர். நம் மாடிக் காற்றாடியைவிட விட்டம் 72 மடங்கு, பரப்பு 5,000 மடங்குக்கு மேல். அந்த உயரத்தில் காற்று நொடிக்கு 7 மீட்டர் என்றால் வேகத்தினால் இன்னொரு 12 மடங்கு. திறனும் கூடுதல். 11 வாட் கொடுத்த கணக்கு இப்போது 12 லட்சம் வாட்டுக்கு மேல் கொடுக்கிறது. விட்டம் 72 மடங்கு ஆனதற்கு மின்சாரம் லட்சம் மடங்கு. சின்னதாக ஆயிரம் வைப்பதற்குப் பதில் பெரிதாக ஒன்று வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முதன்முதலாக நட்டபோது ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒன்றே 3 மெகாவாட், அதாவது 3,000 கிலோவாட், ஐம்பது மடங்குக்கு மேல். 2025 மார்ச்சில் நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 50 ஜிகாவாட்டை, அதாவது 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. குஜராத் முதலிடம், தமிழ்நாடு இரண்டாவது, கர்நாடகா மூன்றாவது. 2024-25 நிதியாண்டில் புதிதாக அதிகம் சேர்த்தது கர்நாடகாதான். பெங்களூரிலிருந்து ஹூப்ளி போகும் நெடுஞ்சாலையில் சித்ரதுர்கா மலைகளின் மேல் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் வடக்கே கதக், கொப்பள் பக்கம் இன்னும் அதிகம். 150 மீட்டர் உயரத்தில் நாட்டில் 1,163 ஜிகாவாட்டுக்கு வாய்ப்பு உண்டு என்பது தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் கணிப்பு. அதே நிறுவனம் 120 மீட்டர் உயரத்துக்குப் போட்ட கணக்கு 695 ஜிகாவாட். 30 மீட்டர் மேலே போனதற்கு இவ்வளவு வித்தியாசம்.

பெரிய எண்களைப் படிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். 3 மெகாவாட் என்றால் 24 மணி நேரமும் 3 மெகாவாட் வராது. நொடிக்கு 3 மீட்டர் காற்றுக்குக் கீழே அது சும்மா நிற்கும், 10, 12 மீட்டரில்தான் முழுத்திறன் எட்டும், 20, 25 மீட்டரைத் தாண்டினால் தானே நிறுத்திக்கொள்ளும். வருடம் முழுக்கக் கூட்டினால் நல்ல இடத்தில் புதிய இயந்திரம் முழுத்திறனில் 30 முதல் 35 சதவீதம் கொடுக்கும். பழைய இயந்திரங்கள் 20 சதவீதம்கூடக் கொடுப்பதில்லை. 33 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு சுமார் 86 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் 3,500 வீட்டுக்கு வரும். அதுவும் சீராக வராது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கொட்டும், அப்புறம் மெலியும். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று தென்மேற்குக் காற்று மலைச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு வரும் இடங்களில் இது கண்கூடாகத் தெரியும். நல்லவேளையாக அதே மழை மாதங்களில்தான் சோலார் படுத்துவிடுகிறது, காற்று பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வலுக்கிறது. இரண்டும் ஒன்றின் பள்ளத்தை ஒன்று நிரப்புகின்றன.

ஆக, பெங்களூரில் இருந்துகொண்டே காற்று மின்சாரம் வேண்டும் என்றால் மாடியில் சோலாரை வையுங்கள், காற்றை வடக்கே உள்ள மலைகளிலிருந்து கம்பி வழியாக வாங்குங்கள். 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள், இப்படி நேரடியாக வாங்குவதற்கான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டன. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் இருந்தால் இது எளிதில்லை, ஆனால் மொத்த வளாகத்துக்கும் ஒரே இணைப்பு வாங்கியிருக்கும் பெரிய அபார்ட்மெண்டுகளும், நீங்கள் வேலை பார்க்கும் அலுவலக வளாகமும், தொழிற்சாலைகளும் கேட்கலாம். யூனிட் விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கம்பியில் கொண்டுவரும் கட்டணம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் மானியத்தை ஈடுகட்ட வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம், சீசனில் மிஞ்சும் யூனிட்டைச் சேர்த்துவைக்க என்ன விதி, இத்தனையும் சேர்த்த விலையை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கி, பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் அனுப்பும் பில்லோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

ஆபத்து எவ்வளவு, யாருக்கு

காற்றாலை தீப்பிடித்து எரியும் வீடியோ ஒன்று எல்லாக் குடும்பக் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்களிடம் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' (Our World in Data) என்ற புள்ளிவிவரத் தளம் தொகுத்த கணக்கின்படி, 100 கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 25 உயிர்களை எடுக்கிறது, பெரும்பாலும் புகையால். காற்றாலை எடுப்பது 0.04. அதாவது 2,500 கோடி யூனிட்டுக்கு ஓர் உயிர். சோலாரும் அணுமின்சாரமும் இதை ஒட்டியே இருக்கின்றன. பாதுகாப்பான மின்சாரம் எது என்று கேட்டால் இந்த மூன்றும்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்த ஓர் உயிர் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதில் வேலை செய்பவருடையது. உயரத்திலிருந்து விழுவது, கிரேன் கவிழ்வது, மின்சாரம் தாக்குவது, நீளமான இறக்கையை ஏற்றிச் செல்லும் லாரி விபத்து. 2013 அக்டோபரில் நெதர்லாந்தின் ஓல்ட்ஹென்ஸ்பிளாட் என்ற ஊரில் காற்றாலையின் உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து, இறங்கும் வழி அடைபட்டு, இரண்டு இளம் மெக்கானிக்குகள் இறந்துபோனார்கள். இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஐடிஐ, டிப்ளமா முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டுப் பையன் போகிறான் என்றால் அவனிடம் கேளுங்கள்: உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகக் கயிற்றில் இறங்கும் கருவி மேலே இருக்கிறதா, அதில் இறங்கிப் பழகச் சொல்லிக்கொடுத்தார்களா, இடி மின்னல் வரும்போது ஏறச் சொன்னால் மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா, தனியாக ஏற விடுகிறார்களா? சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அபாயம் எப்போது வரும் என்றால், எல்லாப் பிரேக்கும் ஒருசேரக் கைவிடும்போது. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹோர்ன்ஸ்லெட் என்ற இடத்தில் புயல் காற்றில் அப்படி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, இறக்கை கோபுரத்தில் மோதிச் சிதறித் துண்டுகள் வெகு தூரம் போய் விழுந்தன. அது பழைய இயந்திரம். இப்போதைய பெரிய காற்றாலைகளில் மூன்று இறக்கைகளும் தனித்தனியே தன் அச்சில் திரும்பிக் காற்றுக்கு விலகிக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரியோ வேறு சேமிப்போ உண்டு, ஒன்று திரும்பாமல் சிக்கிக்கொண்டாலும் மற்றவை வேகத்தை அடக்கிவிடும். வேகம் மீறுவதையும் அதிர்வையும் பார்க்கத் தனி உணரிகள், இறக்கை நுனியிலிருந்து தரை வரை மின்னலை இறக்கும் கம்பி. இவ்வளவு இருந்தும் இறக்கை உடைவதுண்டு. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நான்டக்கெட் கடற்கரைக்கு அப்பால், 100 மீட்டருக்கு மேல் நீளமுள்ள புத்தம்புதிய இறக்கை ஒன்று ஒட்டுவேலைக் குறையால் முறிந்து, துண்டுகள் கரையெல்லாம் ஒதுங்கின. ஆகவே இயந்திரத்தை நம்பலாம், ஆனால் தூரத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஊரில் நிலம் கேட்டு வந்தால்

பெரியப்பாவுக்கு என்ன சொல்வது? உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், உடனே முடியாது என்றும் வேண்டாம், பத்திரத்தின் வரைவையும் காற்றாலை நிற்கும் இடத்தைக் குறித்த வரைபடத்தையும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் முதலில் தூரம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி, சத்தத்தைக் கருதி வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சாலை, ரயில்பாதை, கட்டடம், உயரழுத்தக் கம்பி இவற்றிலிருந்து எவ்வளவு என்றால், தண்டின் உயரம், அதோடு விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். அந்த 140 மீட்டர் தண்டும் 144 மீட்டர் விட்டமும் என்றால் 217 மீட்டர். கோபுரம் அடியோடு சாய்ந்தாலும் இறக்கை நுனி சாலையைத் தொடாது என்பதுதான் இதன் பொருள். தோட்டத்து வீடு, ஆட்டுக் கிடை, சாமி கும்பிடும் இடம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று கூகுள் மேப்பில் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே அளந்துவிடலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் கையெழுத்துக்கு முன் அமைச்சகத்தின் தளத்தில் இப்போதைய அளவைச் சரிபாருங்கள். இயந்திரத்தின் மாடல் பெயரையும் கேளுங்கள், அது அமைச்சகம் அங்கீகரித்த மாடல்களின் பட்டியலில் இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் ஊருக்குப் போகும்போது, அதே மாடல் ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் போய் 500 மீட்டரில் நின்று கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. காலையிலும் மாலையிலும் சுற்றும் இறக்கையின் நிழல் ஜன்னலில் வெட்டி வெட்டி விழுகிறதா என்பதையும் பாருங்கள். ஜெர்மனியில் இதை வருடத்துக்கு 30 மணி நேரத்துக்குள் நிறுத்துகிறார்கள், நீங்களும் அந்த அளவைக் கேட்கலாம்.

அடுத்தது, எதைக் கேட்கிறார்கள்? கிரயமா, குத்தகையா, பாதை உரிமையா? அஸ்திவாரத்துக்கு வேண்டியது கொஞ்ச நிலம்தான், சுற்றி விவசாயம் தாராளமாக நடக்கலாம். ஆனால் 70 மீட்டர் நீளமுள்ள இறக்கையும் ராட்சதக் கிரேனும் வந்துபோக அகலமான பாதை வேண்டும், 33 கேவி லைன் போக வேண்டும். அந்தப் பாதையும் லைனும் யாருடைய நிலத்தின் வழியே என்பதில்தான் ஊர்ச் சண்டை வருகிறது. நம் பக்கத்துக் குளங்களுக்கு மழைத் தண்ணீர் வருவது சின்னச் சின்ன வரத்துக்கால்கள் வழியாக. அவற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டிப் பாதை போட்டுவிட்டால் குளம் நிரம்பாது, குளம் நிரம்பாவிட்டால் கிணறு வற்றும், காற்றாலைக்கு நிலம் கொடுக்காதவர்களும் சேர்ந்து கஷ்டப்படுவார்கள். பாதை ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் போதுமான அகலத்தில் குழாய்ப் பாலம் என்று வரைபடத்திலேயே குறித்து வாங்குங்கள். இதற்காகப் பேரம் பேசத் தயங்க வேண்டாம், கம்பெனிக்கு இது சின்னச் செலவு.

பணத்தைப் பேசும்போது புரோக்கர் சொல்லும் எண்ணை வைத்துக்கொள்ளாமல், அந்த 86 லட்சம் யூனிட் கணக்கை வைத்துக்கொண்டு பேசுங்கள். குத்தகை என்றால் வருடா வருடம் ஏறும் விகிதம், பயிர்ச் சேதத்துக்குத் தனித் தொகை, பராமரிப்புக் கிரேன் மறுபடி வந்தால் தனித் தொகை. பட்டா, வில்லங்கச் சான்று, கூட்டுப்பட்டாவில் இருக்கும் பங்காளிகளின் சம்மதம் எல்லாம் கையில் இருக்கட்டும், பெங்களூரில் இருக்கும் வாரிசுகளின் கையெழுத்துக்குப் பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று வரம்பு போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, கழற்றுவது. காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 வருடம். முப்பந்தல் பக்கம் போனால், தொண்ணூறுகளில் நட்ட 250 கிலோவாட் இயந்திரங்களும் புதியவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். பழையதைக் கழற்றிப் புதியது நட மத்திய அரசு 2023-லும் தமிழ்நாடு அரசு 2024-லும் கொள்கை வெளியிட்டிருக்கின்றன, அதனால் உங்கள் நிலத்திலும் ஒருநாள் இந்தப் பேச்சு வரும். கம்பெனி கைமாறினாலும் பொறுப்பு புதியவருக்குப் போகும் என்றும், ஓட்டம் நின்றபின் எத்தனை மாதத்துக்குள் கோபுரத்தைக் கழற்ற வேண்டும் என்றும், அஸ்திவாரக் கான்கிரீட்டை உழவுக்குத் தடையில்லாத ஆழம் வரை உடைத்து எடுக்க வேண்டும் என்றும், அதற்கான வங்கி உத்தரவாதத் தொகை முதல் வருடமே கட்டப்பட வேண்டும் என்றும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, நகல் ஒன்றை பெரியப்பா வீட்டிலும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.